மாத்திரைக் காசு எந்தக் கட்டத்தில் வரும்?

போன மாதம் ஆரணிக்குப் பக்கத்தில் ஒரு காலனியில் மருத்துவக் காப்பீடு பற்றிக் கூட்டம் போட்டோம். கல்லூரியில் படிக்கும் நம் தோழர்கள் மூன்று பேர் இரவெல்லாம் உட்கார்ந்து ஒரு பெரிய சார்ட் எழுதிக்கொண்டு வந்திருந்தார்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம், பிரதமர் திட்டம், தனியார் கம்பெனி பாலிசி, வங்கியில் பிடிக்கும் 20 ரூபாய் விபத்துக் காப்பீடு என்று வரிசையாகக் கட்டம் போட்டு, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு கட்ட வேண்டும், எவ்வளவு கிடைக்கும், யார் சேரலாம் என்று எழுதியிருந்தார்கள். நல்ல உழைப்பு. எண்களில் பிழை இல்லை.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, தார் சுற்றும் வேலை செய்கிற அக்கா ஒருவர் எழுந்தார்.

"தம்பி, எல்லாம் நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. எங்க வூட்டுக்காரருக்கு முட்டி வலி. வாரத்துக்கு ஒரு ஊசி, மாத்திரை. முந்நூறு ரூபா ஆவுது. அந்தக் காசு இதுல எந்தக் கட்டத்துல வரும்?"

தோழர்கள் சார்ட்டைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். எந்தக் கட்டத்திலும் வராது.

அந்த அக்காவுக்கு அன்றைக்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. "ஜி.எச்.சுக்குப் போங்கக்கா, ஃப்ரீதானே" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அது பதில் இல்லை என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இந்தக் கட்டுரை அந்தப் பதிலுக்கான முயற்சி.

சார்ட்டில் இல்லாத திட்டம்

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஆரணியிலும் சுற்றியுள்ள கிராமங்களிலும் கூலிக்கு நெய்கிற, தார் சுற்றுகிற, சாயம் போடுகிற வீடுகளுக்கு ஏற்கெனவே ஒரு காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. வருமானச் சான்று வேண்டாம். காத்திருப்புக் காலம் கிடையாது. நடுராத்திரியில் கேட்டாலும் பணம் வரும். அதன் பெயர் முன்பணம்.

வீட்டில் ஒருவருக்கு நெஞ்சு வலி என்றால் முதலில் ஓடுவது முதலாளி வீட்டுக்கு. அவர் பத்தாயிரம், இருபதாயிரம் எடுத்துக் கொடுப்பார். உயிர் பிழைக்கும். அதற்கு நாம் கட்டும் பிரீமியம் எது? அடுத்த தறிக்காரர் சேலைக்கு நூறு ரூபாய் கூடக் கொடுத்தாலும் போக முடியாது. கூலியைக் கூட்டிக் கேட்க வாய் வராது. வாரக் கூலியில் பிடித்தம் போனபின் மிஞ்சுவதைக் கையை நீட்டி வாங்க வேண்டும். அந்தக் கடன் தீருவதற்குள் அடுத்த காய்ச்சல் வந்துவிடும். அடுத்த முன்பணம் ஏறிவிடும். அப்பா வாங்கிய முன்பணத்துக்கு மகன் தறிக்குழியில் இறங்கிய வீடுகள் எனக்குத் தெரியும்.

முன்பணம் வாங்கியதற்காக ஒருவர் வேறு இடத்தில் வேலைக்குப் போகும் உரிமையை இழந்தால் அதைச் சட்டம் கொத்தடிமை முறை என்று சொல்கிறது. 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் அது. செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் மட்டும்தான் கொத்தடிமை இருக்கிறது என்று நினைப்பவர்கள், பட்டுச் சேலையின் பளபளப்பைப் பார்த்து ஏமாந்துபோகிறார்கள்.

ஆகவே எந்தக் காப்பீட்டுத் திட்டத்தை எடுத்தாலும் நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இது நம் மக்களை முன்பணத்திலிருந்து விடுவிக்குமா? எவ்வளவு லட்சம் என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

முதலமைச்சர் அட்டை: இருக்கட்டும், ஆனால்

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தைக் குறை சொல்லி ஆரம்பிக்க எனக்கு மனமில்லை. 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாக வந்தது; 2012 ஜனவரியில் இப்போதைய பெயரில் மறுபடி தொடங்கியது; 2018 செப்டம்பரில் ஒன்றிய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைந்தது. இன்று ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. நாம் ஒரு பைசா கட்ட வேண்டாம். 2022இல் தொடங்கிய ஒப்பந்தப்படி ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 849 ரூபாய் என்று அரசே யுனைடெட் இந்தியா நிறுவனத்துக்குக் கட்டுகிறது. இதய அறுவைச் சிகிச்சை, புற்றுநோய், டயாலிசிஸ் என்று வந்தால் இந்த அட்டைதான் நம் மக்களுக்குக் கடவுள். இது கிடைத்ததால் நிலத்தையோ தாலியையோ விற்காமல் தப்பித்த குடும்பங்கள் நிறைய. அதை மறுப்பவர் நேர்மையற்றவர்.

இங்கேயே இன்னொன்று. தோழர்களே, நம் சார்ட்டில் முதலமைச்சர் திட்டத்துக்கு ஒரு கட்டம், பிரதமர் திட்டத்துக்கு ஒரு கட்டம் போட்டது தவறு. தமிழ்நாட்டில் இரண்டும் ஒரே திட்டமாகத்தான் நடக்கிறது. இரண்டையும் எடுத்தால் பத்து லட்சம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அதேபோல ஆபா என்று 14 இலக்க எண் போட்டு ஒரு அட்டை கொடுக்கிறார்களே, அது மருத்துவக் குறிப்புகளைச் சேர்த்துவைக்கும் எண். காப்பீடு அல்ல. இ-ஷ்ரம் அட்டையும் மருத்துவக் காப்பீடு அல்ல. இந்த இரண்டையும் பத்திரமாகப் பிளாஸ்டிக் கவரில் போட்டு, "எங்களுக்குக் காப்பீடு இருக்குது" என்று நம்பிக்கொண்டிருக்கும் வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். ஆஸ்பத்திரி வாசலில் போய்த்தான் அது இல்லை என்று தெரியும்.

சரி, அட்டை இருக்கிறது. அது எதற்குப் பணம் கொடுக்கும்? பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்கு. பெரும்பாலும் படுக்கையில் சேர்ந்து செய்யும் சிகிச்சைக்கு, அறுவைச் சிகிச்சைக்கு. சில பரிசோதனைகளும், சில தொடர் சிகிச்சைகளும் உண்டு. வாரம் ஒருமுறை கிளினிக்கில் போடும் ஊசிக்கு அதில் இடமில்லை.

"அதுக்குத்தான் அரசு ஆஸ்பத்திரி இருக்கே" என்பீர்கள். நானும் அதைத்தான் சொன்னேன். ஆரணியில் அரசு மருத்துவமனை இருக்கிறது. மாத்திரை இலவசம். சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் 2021 ஆகஸ்டிலிருந்து மக்களைத் தேடி மருத்துவம் வீட்டுக்கே வருகிறது. அப்படியிருக்க அந்த அண்ணன் ஏன் முந்நூறு ரூபாய் கொடுத்துத் தனியார் கிளினிக்குக்குப் போகிறார்? அறியாமையா?

இல்லை, கணக்கு. அவருக்குச் சேலைக் கணக்கில் கூலி. புற நோயாளிகள் பிரிவு நடப்பது காலையில். போய், சீட்டு வாங்கி, வரிசையில் நின்று, டாக்டரைப் பார்த்து, மருந்து வாங்கித் திரும்பினால் அரை நாள் போய்விடும். எக்ஸ்ரே என்றால் முழு நாள். திருவண்ணாமலைக்கோ வேலூருக்கோ எழுதிக்கொடுத்தால் பஸ் செலவும் சேர்ந்து அந்த நாளே இல்லை. தறி ஓடாத நாளுக்குக் கூலி இல்லை. தனியார் கிளினிக் இரவு எட்டு மணிக்கும் திறந்திருக்கும். தறியை நிறுத்தாமல் போய் ஊசி போட்டுக்கொண்டு வந்துவிடலாம். அரசு ஆஸ்பத்திரி இலவசம்தான். ஆனால் அங்கே போகும் நாள் இலவசம் இல்லை.

மருத்துவத்தின் விலை மருந்துச் சீட்டில் மட்டும் இல்லை. வேலை இழந்த நாளிலும் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் அட்டை இந்த இரண்டாவது விலையைக் கணக்கிலேயே எடுப்பதில்லை.

பொய் சொல்லி வாங்கும் உரிமை

அடுத்து, அந்த அட்டையை வாங்கும் வழி. குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது. முன்பு 72,000 ஆக இருந்தது, 2022இல் உயர்த்தினார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. கணக்குப் போடுங்கள்.

2025-26இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அறிவித்த கூலி ஒரு நாளைக்கு 336 ரூபாய். கணவன் மனைவி இருவரும் அந்தக் கூலிக்கு ஆண்டில் 200 நாள் வேலை செய்தால் குடும்ப வருமானம் 1,34,400 ரூபாய். வரம்பு தாண்டிவிட்டது! அரசு தானே நிர்ணயித்த, மிகக் கீழான கூலியில், ஆண்டில் பாதி நாளுக்குச் சற்று மேல் உழைத்தாலே நீங்கள் அரசின் கண்ணில் ஏழை இல்லை.

அப்படியானால் அட்டை வைத்திருப்பவர்கள் எப்படி வாங்கினார்கள்? எல்லோருக்கும் தெரியும். வருமானம் 72,000, 84,000, 96,000 என்று ஏதோ ஒரு எண்ணைப் போட்டு சான்று வாங்குகிறோம். கிராம நிர்வாக அலுவலருக்கும் தெரியும், வருவாய் ஆய்வாளருக்கும் தெரியும். எல்லோரும் சேர்ந்து சொல்லும் பொய் அது.

இதில் என்ன கெட்டுப்போயிற்று என்று கேட்கலாம். கெட்டுப்போவது இதுதான்: ஒரு பொய்யைச் சொல்லித்தான் உரிமையை வாங்க முடியும் என்றால், அந்தப் பொய்யை அனுமதிக்கும் அதிகாரம் உள்ளவர் நமக்கு எஜமான் ஆகிவிடுகிறார். உரிமை, தயவாக மாறிவிடுகிறது. ஊர்த்தெருவில் உள்ளவருக்கு அந்தத் தயவு போனில் கிடைக்கும். காலனியில் உள்ளவர் நாலு முறை நடக்க வேண்டும். போன வருடம் தேர் விவகாரத்திலோ சுடுகாட்டுப் பாதை விவகாரத்திலோ வாய் திறந்த குடும்பம் என்றால், "வூட்ல ரெண்டு பேர் சம்பாதிக்கிறீங்க, எப்படி எழுதுறது?" என்று சட்டம் பேசப்படும். அந்த நேரத்தில் சட்டம் சரியாகத்தான் இருக்கும். அதுதான் கொடுமை. சாதி எப்போதும் சட்டத்தை மீறித்தான் வேலை செய்யும் என்பதில்லை. நடைமுறைப்படுத்தவே முடியாத சட்டத்தை வைத்துக்கொண்டு, யாருக்கு அதைப் பயன்படுத்துவது என்று தேர்ந்தெடுத்தாலே போதும்.

ரேஷன் கார்டு இன்னொரு வாசல். பெயர் கார்டில் இருந்தால்தான் காப்பீட்டில் வரும். சாதி மறுப்புத் திருமணம் செய்துகொண்டு ஊரை விட்டு வந்த ஒரு ஜோடியை எடுத்துக்கொள்ளுங்கள். பெண்ணின் பெயரை அவள் பெற்றோர் கார்டிலிருந்து நீக்காமல் புதிய கார்டு கிடையாது. நீக்குவதற்கு அவள் எங்கே போக வேண்டும்? எந்த வீட்டிலிருந்து உயிருக்குப் பயந்து ஓடிவந்தாளோ அந்தத் தாலுகாவுக்கு. அவள் கர்ப்பமாக இருக்கும்போது அவளுக்குக் காப்பீடு இல்லை. இருளர் குடும்பங்களில் ரேஷன் கார்டே இல்லாதவர்களை இன்னும் பார்க்கிறோம். சாதி ஒழிப்புக்கு உயிரைப் பணயம் வைத்தவர்களையும், இருப்பதிலேயே ஏழைகளையும் வெளியே நிறுத்தும் வாசல் இது.

காசு கொடுத்து வாங்கும் பாலிசி

அட்டை கிடைக்காதவர்களைத் தேடித் தனியார் பாலிசி வருகிறது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவ பாலிசிகளுக்கு 18 சதவீத ஜிஎஸ்டியை நீக்கிய பிறகு, "இப்ப விலை குறைஞ்சிடுச்சு" என்று ஏஜெண்டுகள் காலனிக்குள்ளும் வருகிறார்கள். நம் பிள்ளைகளிலேயே சிலர் பகுதி நேரமாக அந்த வேலை செய்கிறார்கள். அவர்கள்மீது எனக்குக் கோபமில்லை.

எல்லாக் கம்பெனிகளும் விற்க வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2020 ஏப்ரலில் கொண்டுவந்த ஆரோக்கிய சஞ்சீவனியை எடுத்துக்கொள்வோம். இருப்பதில் எளிமையான, விதிகள் ஒரே மாதிரியான பாலிசி அதுதான். அதிலேயே என்ன இருக்கிறது? எந்த பில் வந்தாலும் 5 சதவீதம் நாம் கட்ட வேண்டும். படுக்கை வாடகை, காப்பீட்டுத் தொகையில் 2 சதவீதம் வரைதான். ஒரு லட்சத்துக்கு எடுத்தால் நாளைக்கு 2,000 ரூபாய். 4,000 ரூபாய் அறையில் சேர்த்துவிட்டால், வாடகையில் பாதி மட்டுமல்ல, மருந்து தவிர மற்றச் செலவுகளிலும் பாதியை வெட்டுவார்கள். பாலிசி எடுத்த முதல் 30 நாளில் விபத்து தவிர எதற்கும் பணம் இல்லை. சில குறிப்பிட்ட நோய்களுக்கு இரண்டு ஆண்டு காத்திருக்க வேண்டும். ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு மூன்று ஆண்டு வரை காக்க வைக்கலாம். 2024க்கு முன் அது நான்கு ஆண்டாக இருந்தது.

இருபது வருடம் தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு மிதித்த ஒரு மனிதருக்கு முட்டியும் முதுகும் எப்போது வந்த நோய்? சாயத் தொட்டியில் கை வைத்தவருக்குத் தோல் அரிப்பு எப்போது வந்தது? உழைப்பாளியின் உடம்பில் உள்ள எல்லா நோயும் ஏற்கெனவே இருக்கும் நோய்தான். வேலை கொடுத்த நோயை, கம்பெனி அவருடைய தனிப்பட்ட குறையாக எழுதிக்கொள்கிறது. வயது ஏற ஏற பிரீமியமும் ஏறும். கூலி ஏறாது. ஒரு வருடம் கட்ட முடியாமல் விட்டால் காத்திருப்புக் காலம் முதலிலிருந்து தொடங்கிவிடும்.

மாதச் சம்பளம் வாங்கும் குடும்பம் இதை வாங்கட்டும். அதில் தவறில்லை. ஆனால் குழுக் கடன் வாங்கி பாலிசி எடுக்கச் சொல்லாதீர்கள். குழுக் கடனோடு சேர்த்துப் பிடிக்கிறார்களே ஒரு காப்பீட்டுத் தொகை, அது பெரும்பாலும் கடன் வாங்கியவர் இறந்துபோனால் கம்பெனியின் கடனை அடைக்கும் காப்பீடு. காப்பாற்றப்படுவது கடன் கொடுத்தவரின் பணம். வங்கியில் 20 ரூபாய்க்குப் பிடிக்கும் பிரதமரின் விபத்துக் காப்பீட்டில் இறந்தால் 2 லட்சம் கிடைக்கும். விலை மலிவு, இருக்கட்டும். ஆனால் அது மருத்துவச் செலவுக்கு ஒரு ரூபாய்கூடத் தராது.

தொலைந்துபோன 7,500 ரூபாய்

புறநோயாளி மருந்துச் செலவைக் காப்பீட்டில் கொடுக்கவே முடியாது என்று யாராவது பொருளாதாரம் பேசினால், அவர்களிடம் இதைச் சொல்லுங்கள். 2005இல் ஒன்றிய ஜவுளி அமைச்சகம் கைத்தறி நெசவாளர்களுக்கு ஒரு மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் கொண்டுவந்தது. ஐசிஐசிஐ லம்பார்டு நிறுவனத்தின் வழியாக நடந்தது. நெசவாளர், துணைவர், இரண்டு பிள்ளைகள். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 15,000 ரூபாய். சின்னத் தொகைதான். ஆனால் அதில் 7,500 ரூபாய் வரை புறநோயாளிச் செலவுக்கு எடுத்துக்கொள்ளலாம். ஏற்கெனவே இருக்கும் நோயும் அதில் சேரும்.

அக்காவின் கணக்கைப் பாருங்கள். வாரம் 300 ரூபாய், ஆண்டுக்கு 50 வாரம். 15,000 ரூபாய். அதில் பாதி அந்தத் திட்டத்தில் கிடைத்திருக்கும்.

அதைப் பின்னால் ராஷ்டிரிய ஸ்வஸ்திய பீமா யோஜனாவுக்கு மாற்றினார்கள். 2018இல் அதையும் ஆயுஷ்மான் பாரத்தில் கரைத்தார்கள். ஆயுஷ்மான் பாரத்தில் புறநோயாளிச் செலவு கிடையாது. தொகை 15,000இலிருந்து 5 லட்சமாக வளர்ந்தது. ஊசிக்கும் மாத்திரைக்கும் இருந்த 7,500 ரூபாய் காணாமல் போனது. சுவரொட்டியில் பெரிய எண் வந்தது. வீட்டில் சின்ன எண் போய்விட்டது. பெரிய எண் யாருக்குப் போகிறது? ஆஸ்பத்திரிக்கு. சின்ன எண் நம் கையில் இருந்தது.

அந்தப் பழைய திட்டத்தையும் பொற்காலமாக்க வேண்டாம். நெசவாளர் என்று பதிவு உள்ளவருக்குத்தான் அது. பட்டு நெசவு என்றதும் குறிப்பிட்ட சில சாதிகளின் பெயரை மட்டுமே சொல்லிப் பழகிய சமூகம் இது. நான் வேலை செய்யும் காலனிகளில் நம் மக்கள் கூலிக்கு நெய்கிறார்கள், தார் சுற்றுகிறார்கள், சாயத்துக்கும் முறுக்குக்கும் போகிறார்கள். தறி அவர்கள் பெயரில் இல்லை. சங்க உறுப்பினர் அட்டை இல்லை. யாரிடம் வேலை செய்கிறோம் என்று எழுத்தில் கொடுக்க வேண்டியவர் முதலாளி, அவர் கொடுக்கமாட்டார். சேலையில் நம் விரல் இருக்கிறது. பதிவேட்டில் நம் பெயர் இல்லை.

பக்கத்திலேயே இருக்கும் பதில்

இப்போது அக்காவின் கேள்விக்கு வருகிறேன். மாத்திரைக் காசுக்கும், வேலைக்குப் போகாத நாளின் கூலிக்கும் கட்டம் உள்ள ஒரு திட்டம் இந்த நாட்டில் இருக்கிறது. அதற்கு வயது எழுபதுக்கு மேல். இஎஸ்ஐ.

மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்கும் தொழிலாளிக்கும் குடும்பத்துக்கும் அது. சிகிச்சைக்கு இத்தனை லட்சம்தான் என்ற வரம்பு இல்லை. வெளிநோயாளி வைத்தியம் உண்டு, மருந்து உண்டு. ஏற்கெனவே இருக்கும் நோய் என்ற பேச்சே இல்லை. நோயில் படுத்தால், சந்தா நிபந்தனைகள் நிறைவேறியிருந்தால், கூலியில் 70 சதவீதம் ஆண்டில் 91 நாள் வரை கிடைக்கும். பிரசவத்துக்குச் சம்பளம் உண்டு. வேலையில் அடிபட்டால் இழப்பீடு உண்டு. செலவு? தொழிலாளி 0.75 சதவீதம், முதலாளி 3.25 சதவீதம். மாதம் 10,000 ரூபாய் கூலிக்குத் தொழிலாளி 75 ரூபாய், முதலாளி 325 ரூபாய். சந்தை விற்கும் எந்த பாலிசியையும் இதன் பக்கத்தில் வையுங்கள். ஒப்பிடவே முடியாது.

இது யார் கனவு? 1942 ஜூலையில் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையை அண்ணல் அம்பேத்கர் ஏற்றார். அவர் பொறுப்பில் இருந்த 1943இல்தான் பேராசிரியர் அதார்கர், தொழிலாளர் மருத்துவக் காப்பீடு பற்றி அறிக்கை தர நியமிக்கப்பட்டார். 1944இல் அறிக்கை வந்தது. 1948இல் சட்டமானது. 1947இல் அண்ணல் எழுதிய 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' அறிக்கையில் இன்னும் ஒரு படி மேலே போனார்: காப்பீட்டுத் தொழில் அரசின் ஏகபோகமாக இருக்க வேண்டும், ஒவ்வொரு வயதுவந்த குடிமகனுக்கும் ஆயுள் காப்பீடு கட்டாயமாக வேண்டும் என்று கேட்டார். காப்பீடு என்பதை அவர் கடையில் வாங்கும் சரக்காகப் பார்க்கவில்லை. அண்ணலின் படத்தின் கீழ் உட்கார்ந்துகொண்டு எந்தக் கம்பெனி பாலிசி மலிவு என்று நாம் சார்ட் போடுகிறோம்.

ஆரணித் தறிக்கு இஎஸ்ஐ ஏன் இல்லை? பத்துப் பேர் வேலை செய்யும் நிறுவனத்துக்குத்தான் சட்டம். ஒரு முதலாளி நாற்பது வீட்டுக்குப் பாவும் ஜரிகையும் கொடுத்து நெய்து வாங்குவார். ஆனால் நாற்பது பேரும் ஒரு கூரையின் கீழ் இல்லை. ஒவ்வொருவரும் தன் வீட்டில் இருக்கிறார். ஆகவே ஒவ்வொருவரும் சுயதொழில் செய்பவராம்! பட்டு அவருடையது, டிசைன் அவருடையது, சேலை அவருடையது, விலை வைப்பது அவர், பழுது என்று கூலியைப் பிடிப்பது அவர். நம்முடையது வலி மட்டும்தான்.

இந்த வாதத்தை நீதிமன்றங்களே ஏற்கவில்லை. துணியை வீட்டுக்கு எடுத்துப்போய்த் துண்டுக் கூலிக்குத் தைத்த தையல்காரர்களைத் தொழிலாளர்கள்தான் என்று 1973இல் சில்வர் ஜூபிலி டெய்லரிங் ஹவுஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. வீட்டில் உட்கார்ந்து பீடி சுற்றுகிறவர்களுக்கு வருங்கால வைப்பு நிதி உண்டு என்று 1980களில் சொன்னது. பீடித் தொழிலாளர்களுக்கு 1976இலேயே தனிச் சட்டம் போட்டு, பீடி மீது வரி விதித்து, மருந்தகங்கள் திறந்தார்கள். பீடிக்கு முடிந்தது பட்டுக்கு ஏன் முடியாது?

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தில் 45ஆம் பிரிவைப் படியுங்கள். அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கும் இஎஸ்ஐ பலன்களைத் தர ஒன்றிய அரசு திட்டம் வகுக்கலாம் என்கிறது. "வகுக்கலாம்" என்றுதான் இருக்கிறது, "வகுக்க வேண்டும்" என்று இல்லை. அந்த ஒரு சொல்லை மாற்றுவதுதான் நம் வேலை.

சொல்லப்படும் மறுப்புகள்

"சின்ன முதலாளி எப்படிக் கட்டுவார்?" ஒரு சேலைக்கு 2,000 ரூபாய் நெசவுக் கூலி என்று வைத்துக்கொள்ளுங்கள். 3.25 சதவீதம் என்றால் 65 ரூபாய். பல ஆயிரத்துக்கு விற்கும் சேலையில் 65 ரூபாய் தாங்காது என்று சொல்பவர், அந்தச் சேலையை வைக்கும் அட்டைப்பெட்டிக்கு எவ்வளவு கொடுக்கிறார் என்று கேளுங்கள். உண்மையிலேயே தாங்காத சிறு தறிக்காரர் இருக்கிறார். அவருக்காகக் கடையில் விற்கும் சேலை மீது வரி போட்டு நிதி சேர்க்கட்டும். புவிசார் குறியீடு வாங்கிய ஆரணிப் பட்டு, அதை நெய்தவரின் முட்டிக்குப் பணம் தரட்டும்.

"இஎஸ்ஐ மட்டும் ஒழுங்கா? டாக்டர் இல்லை, மருந்து இல்லை, மருந்தகம் தூரத்தில் இருக்கு." உண்மை. பல இடங்களில் அப்படித்தான். ஆனால் கெட்டுப்போன உரிமையைச் சரிசெய்யப் போராடலாம். இல்லாத உரிமையை எப்படிச் சரிசெய்வது?

"போராட்டம் ஜெயிக்கிறவரை நோயாளி காத்திருப்பாரா?" காத்திருக்கமாட்டார். ஆகவே இரண்டு வேலையையும் சேர்த்துச் செய்ய வேண்டும்.

நாளைக் காலையில்

காலனியில் வீடு வீடாகப் போங்கள். யாரிடம் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறது, யாரிடம் வெறும் ஆபா அட்டை இருக்கிறது என்று பிரியுங்கள். ரேஷன் கார்டில் மருமகள் பெயரும் குழந்தைகள் பெயரும் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லாதவர்களுக்கு முதலில் அதைச் செய்யுங்கள். வருமானச் சான்றுக்கு ஒவ்வொருவராக அனுப்பாதீர்கள்; இருபது பேராகச் சேர்ந்து போங்கள். தயவாக மாறிய உரிமை, கூட்டமாகப் போனால் மறுபடி உரிமையாகும். அட்டைப் பதிவு மையம் கலெக்டர் ஆபீசில் இருக்கிறது. ஆரணியிலிருந்து திருவண்ணாமலை போய்வர ஒரு நாள் கூலி போகும் என்பதால் தாலுகாவில் முகாம் கேட்டு மனு கொடுங்கள்.

அதோடு ஒரு நோட்டுப் போடுங்கள். அதில் மூன்று பத்தி போதும்: இந்த மாதம் மருந்துக்கு எவ்வளவு, நோயால் வேலை இழந்த நாள் எத்தனை, மருத்துவத்துக்காக வாங்கிய முன்பணம் எவ்வளவு. ஐம்பது வீட்டில் ஆறு மாதம் எழுதினால் அது எந்த ஆய்வறிக்கையையும்விடப் பலமான மனு. சமூகவியல் படிக்கிறவர்களே, உங்கள் புராஜெக்ட்டுக்குத் தலைப்புத் தேடி எங்கும் போக வேண்டாம்.

நாம் கேட்க வேண்டியவை இவை. காப்பீட்டுக்கு வருமான வரம்பை எடுக்க வேண்டும். குறைந்தபட்சம் பட்டியல் சாதி, பழங்குடிக் குடும்பங்களுக்கும் கூலித் தொழிலாளர்களுக்கும் எடுக்க வேண்டும். முகாம்களில் வாழும் ஈழத் தமிழர்களுக்கு வரம்பு இல்லாமல் தருகிறது இந்த அரசு. நல்ல முடிவு; ஆகவே முடியும் என்று தெரிகிறது. அரசு மருத்துவமனையில் மாலை நேரப் புறநோயாளிப் பிரிவு ஆரணியில் முழுமையாக நடக்க வேண்டும். தறிக் கூலிகளுக்கும் துணை வேலை செய்பவர்களுக்கும், தறி யார் பெயரில் இருந்தாலும், இஎஸ்ஐ வேண்டும்.

அடுத்த கூட்டத்துக்கு அதே சார்ட்டை எடுத்துக்கொண்டு போகப்போகிறோம். இந்த முறை இரண்டு கட்டம் கூடுதலாக இருக்கும். ஒன்று முன்பணம். இன்னொன்று இஎஸ்ஐ. அக்கா மறுபடி கேட்டால், இந்தக் கட்டத்தில்தான் வரும், ஆனால் அதை இன்னும் நமக்குத் தரவில்லை என்று சொல்லலாம். அப்போது அவர் அடுத்த கேள்வி கேட்பார்: "ஏன் தரல?"

அந்தக் கேள்வியோடு தாலுகா ஆபீசுக்குப் போவோம்.

ஜெய் பீம்.